இணைப் பேரண்டங்கள் இருக்கக்கூடுமா? இயற்பியலை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணைப் பேரண்டங்கள் இருப்பதாக இயற்பியல் நிறுவிவிட்டதா?

இல்லை. இன்றுவரை எந்தத் தொலைநோக்கியும் எந்த ஆய்வுக்கூடமும் நம்முடையதல்லாத வேறொரு பேரண்டத்தின் தடயத்தைக் கண்டதில்லை. அதற்காக இந்தப் பேச்சு முழுவதும் கற்பனையில் பிறந்தது என்றும் சொல்லிவிட முடியாது. வேறு பேரண்டங்கள் வேண்டும் என்று விரும்பி எந்த இயற்பியலாளரும் கோட்பாடு வகுக்கப் புறப்படவில்லை. அணுக்களின் நடத்தையை விளக்கவும் பெருவெடிப்பின் தொடக்கக் கணங்களை விளக்கவும் எழுதப்பட்ட சமன்பாடுகளை, நடுவழியில் நிறுத்தாமல் கடைசிவரை பின்தொடர்ந்தபோது அவை அந்த இடத்தில் கொண்டுபோய் விட்டன. ஆகவே அந்த மூலக் கோட்பாடுகளை எவ்வளவு தூரம் நம்பலாம், சோதித்துப் பார்த்த எல்லைக்கு அப்பாலும் அவற்றை நீட்டிச் செல்லலாமா என்பதே உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி.

இதைப் பற்றிப் பேசும் எல்லோரும் ஒரே பொருளைத்தான் பேசுகிறார்களா?

இல்லை, குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. நமது அண்டவெளியிலேயே, ஒளி இன்னும் வந்து சேராத தொலைவில் கிடக்கும் பகுதிகளைச் சிலர் இணைப் பேரண்டங்கள் என்கிறார்கள். தொடக்கக் கணத்தில் வெளி அதிவேகமாகப் பெருகிய அண்ட வீக்கத்தில் தனித்தனிக் குமிழிகளாகப் பிரிந்து, ஒருவேளை வேறு இயற்பியல் மாறிலிகளுடன் (இயற்கை விதிகளில் வரும் நிலையான எண்களுடன்) வளர்ந்த பகுதிகளைச் சிலர் அவ்வாறு அழைக்கிறார்கள். அணு அளவிலான துகள்களைப் பற்றிய குவாண்டம் இயங்கியலின் ஒரு விளக்கத்தில் தோன்றும் கிளைகளை வேறு சிலர் குறிக்கிறார்கள். இயற்பியலாளர் மாக்ஸ் டெக்மார்க் 2003-இல் இவற்றை நான்கு மட்டங்களாக வரிசைப்படுத்தினார். கணித அமைப்புகள் அனைத்துமே எங்கோ மெய்யாக இருக்கின்றன என்னும் அவரது நான்காம் மட்டம் இயற்பியலைவிட மெய்யியலுக்கே நெருக்கமானது என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன். ஒருவகை மெய்யாக இருந்தால் மற்றவையும் மெய்யாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

என்னைப் போலவே இன்னொருவர் எங்கோ இருக்கிறார் என்கிறார்களே, அது எந்த அடிப்படையில்?

நமது பேரண்டத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள். இடையில் வெளி விரிந்துகொண்டே வந்ததால், நாம் காணக்கூடிய பகுதியின் எல்லை எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழ 4600 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அந்த எல்லையோடு வெளி என்பதே முடிந்துவிடுகிறது என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை. வெளி முடிவின்றி நீள்கிறது என்றும், எங்கும் ஏறத்தாழ ஒரேவிதமாகப் பொருள் நிரம்பியிருக்கிறது என்றும் கொண்டால், ஒரு கணக்கு தானாகவே பிறக்கிறது. ஒரு வரம்புக்குட்பட்ட இடத்தில், வரம்புக்குட்பட்ட ஆற்றலைக் கொண்டு துகள்களை அடுக்கக்கூடிய விதங்கள் மிகப் பெரிய எண்ணிக்கையில் இருந்தாலும் முடிவுள்ளவையே. 52 சீட்டுகளைக் கலைத்துக்கொண்டே இருந்தால் என்றாவது ஒருநாள் பழைய வரிசை திரும்ப வந்தே தீரும் என்பதைப் போல, முடிவற்ற வெளியிலும் அடுக்குகள் திரும்ப வந்தாக வேண்டும்.

உங்களை அப்படியே ஒத்த ஒருவர் இருக்கக்கூடிய மிக அருகான இடத்தின் தொலைவை டெக்மார்க் மதிப்பிட்டார். மீட்டர் அளவில் எழுதினால் அந்த எண்ணில் 1-ஐத் தொடர்ந்து வரும் சுழிகளின் எண்ணிக்கையே 28 அல்லது 29 சுழிகள் கொண்ட பேரெண்ணாக இருக்கும். காணக்கூடிய பேரண்டத்தின் விட்டத்தை மீட்டரில் எழுத 27 இலக்கங்கள் போதும் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த வாதம் முழுவதும் "வெளி முடிவற்றது" என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. பிளாங்க் செயற்கைக்கோளின் அளவீடுகள் வெளி மிக நுட்பமான அளவுக்குத் தட்டையானது, அதாவது பள்ளியில் படிக்கும் வடிவியல் விதிகள் அதில் அப்படியே பொருந்தும் என்று காட்டுகின்றன. தட்டையான வெளி முடிவற்றதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தன்மேலேயே சுற்றி மூடிக்கொள்ளும் தட்டையான வடிவங்களும் வடிவியலில் உண்டு. அளந்து தீர்க்க முடியாத ஒரு "எனில்" இதன் அடியில் இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

அண்ட வீக்கம் என்பது என்ன? அதிலிருந்து குமிழிப் பேரண்டங்கள் எப்படி வந்தன?

வானின் எந்தத் திசையில் பார்த்தாலும், பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சின் வெப்பநிலை ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கே வேறுபடுகிறது. எதிரெதிர்த் திசைகளில் உள்ள பகுதிகள், பழைய பெருவெடிப்புக் கணக்கின்படி, ஒன்றோடொன்று எப்போதுமே தொடர்பு கொண்டிருக்க முடியாது. பிறகு எப்படி வெப்பநிலை ஒத்துப்போனது? ஆலன் கூத் 1981-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு விடை தந்தது. தொடக்கத்தில் ஒரு நொடியின் மிக மிகச் சிறு பின்னத்துக்குள் வெளி அதிவேகமாகப் பெருகியது; முன்பு அடுத்தடுத்து இருந்தவையே இப்போது வானின் இரு கோடிகளில் இருக்கின்றன. கூத்தின் முதல் வடிவத்தில் ஒரு கோளாறு இருந்தது. வீக்கம் முறையாக முடிய வழியில்லை. அதை 1982-இல் ஆந்திரேய் லிண்டே ஒருபுறமும், ஆந்திரேயாஸ் ஆல்பிரெக்டும் பால் ஸ்டைன்ஹார்ட்டும் மறுபுறமும் சீர்செய்தனர்.

வீக்கம் எல்லா இடங்களிலும் ஒரே கணத்தில் நிற்பதில்லை என்பதில்தான் நமது பொருள் தொடங்குகிறது. அதை நடத்தும் புலத்தில் குவாண்டம் ஏற்ற இறக்கங்கள் உண்டு. நின்றுபோன இடம் ஒரு குமிழியாகி, அதற்குள் விண்மீன்களும் விண்மீன் கூட்டங்களும் உருவாகின்றன. நிற்காத இடமோ அதைவிட வேகமாகப் பெருகிப் புதிய குமிழிகளுக்கு இடம் தருகிறது. 1983-இல் அலெக்சாண்டர் விலென்கினும், 1986-இல் லிண்டேயும் பெரும்பாலான மாதிரிகளில் இந்தச் செயல் ஓயவே ஓயாது என்று காட்டினார்கள். நமது பேரண்டம் அந்த எண்ணற்ற குமிழிகளுள் ஒன்றாகிவிடுகிறது. இக்கோட்பாட்டை வளர்த்தவர்களுள் ஒருவரான ஸ்டைன்ஹார்ட்டே பின்னாளில் இதன் கடுமையான விமர்சகரானார். எல்லாமே எங்கோ நிகழ்கிறது என்று சொல்லும் கோட்பாடு, இன்னதுதான் நிகழும் என்று எதையும் முன்கூட்டிச் சொல்லும் தகுதியை இழந்துவிடுகிறது என்பது அவரது வாதம். எனக்கு இது எளிதில் ஒதுக்கிவிட முடியாத மறுப்பாகவே படுகிறது.

வேறு குமிழிகளில் இயற்பியல் விதிகளும் வேறாக இருக்குமா?

துகள்களை நுண்ணிய இழைகளின் அதிர்வுகளாகக் காணும் ஸ்ட்ரிங் கோட்பாடு சரியாக இருந்தால் அதற்கு இடமுண்டு. அக்கோட்பாடு கேட்கும் கூடுதல் பரிமாணங்களைச் சுருட்டி மடக்கும் வழிகள் ஏராளம்; 1-க்குப் பின் 500 சுழிகள் என்பது அடிக்கடி சொல்லப்படும் மதிப்பீடு. ஒவ்வொரு மடிப்பும் வேறுவகைத் துகள்களையும் வேறு மாறிலிகளையும் தரலாம். நாம் காண்பதைப் போல விரைந்து விரியும் பேரண்டத்தை இக்கோட்பாட்டுக்குள் எப்படிக் கட்டலாம் என்று 2003-இல் காட்டிய நால்வருள் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சந்தீப் திரிவேதியும் ஒருவர். ஷமித் கச்ரு, ரெனாட்டா காலோஷ், லிண்டே ஆகியோர் மற்ற மூவர். அந்தக் கட்டுமானம் நிலைத்து நிற்குமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஸ்ட்ரிங் கோட்பாட்டுக்கே நேரடிச் சோதனைச் சான்று கிடையாது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இவ்வளவு சிக்கலான ஒன்றை இயற்பியலாளர்கள் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

முதன்மையான காரணம் அண்டவியல் மாறிலி. வெறுமையான வெளிக்கும் ஓர் ஆற்றல் உண்டு; அதைக் குறிக்கும் எண் இது. அதை எளிய குவாண்டம் கணக்கில் மதிப்பிட்டால், உண்மையில் அளக்கப்பட்டதைவிட 1-க்குப் பின் 120 சுழிகள் இட்ட மடங்கு பெரிதாக வருகிறது. இயற்பியல் வரலாற்றில் இதைவிட மோசமாகப் பிசகிய மதிப்பீட்டைக் காண்பது அரிது. ஸ்டீவன் வைன்பர்க் 1987-இல் வேறு கோணத்தில் யோசித்தார். இந்த மாறிலி குமிழிக்குக் குமிழி வேறுபடுமானால், அது மிகப் பெரிதாக இருக்கும் குமிழிகளில் பொருள் திரண்டு விண்மீன் கூட்டங்கள் உருவாகவே முடியாது, கேள்வி கேட்க ஆளும் இருக்கமாட்டார். ஆகவே நாம் அளக்கும் மதிப்பு ஒரு வரம்புக்குள் இருக்கும், ஆனால் சுழியாக இருக்க வேண்டிய தேவை இல்லை. அப்போது பலர் அது சுழிதான் என்று நம்பியிருந்தார்கள். 1998-இல் தொலைதூர சூப்பர்நோவாக்களை அளந்த இரு குழுக்கள், பேரண்டத்தின் விரிவு வேகம் கூடிவருவதைக் கண்டன. மாறிலி சுழியல்ல, வைன்பர்க்கின் வரம்புக்குள் இருந்தது. பல்பேரண்டக் கருத்தின் பக்கம் இருக்கும் வாதங்களில் என்னைச் சற்றேனும் அசைப்பது இது ஒன்றுதான். அதுவும் சான்று ஆகாது. வேறு விளக்கம் இன்னும் கிடைக்காததால் கனம் கூடியிருக்கும் வாதம்.

குமிழிப் பேரண்டங்களை யாராவது தேடிப் பார்த்திருக்கிறார்களா?

தேடியிருக்கிறார்கள். நமது குமிழி வளரும்போது அண்டைக் குமிழி ஒன்றுடன் மோதியிருந்தால், நுண்ணலைப் பின்புலத்தில் வட்டமான தழும்பு பதிந்திருக்க வேண்டும். ஸ்டீபன் ஃபீனி, மாத்யூ ஜான்சன், டேனியல் மார்ட்லாக், இலங்கையில் பிறந்த ஹிரண்யா பீரிஸ் ஆகிய நால்வரும், அந்தப் பின்புலத்தை அளந்த டபிள்யூமேப் செயற்கைக்கோளின் ஏழாண்டுத் தரவுகளில் அத்தகைய வட்டங்களைத் தேடி 2011-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தற்செயலால் விளக்க முடியாதபடி எதுவும் அகப்படவில்லை. எரிடானஸ் விண்மீன் குழுவின் திசையில் சராசரியைவிடச் சுமார் 70 மைக்ரோகெல்வின் குளிர்ந்த பகுதி ஒன்று இருக்கிறது. அதை மோதலின் தழும்பு என்று சொன்னவர்கள் உண்டு. 2017-இல் டர்ஹாம் பல்கலைக்கழகக் குழு அந்தக் குளிர்ச்சியை விளக்கப் போதுமான அளவு பெரிய, விண்மீன் கூட்டங்கள் குறைந்த வெற்றிடம் அங்கே இல்லை என்று அறிவித்தபோது அந்தப் பேச்சு மறுபடி எழுந்தது. தற்செயலான ஏற்ற இறக்கத்திலேயே இப்படி ஓர் இடம் தோன்றலாம் என்ற எளிய விளக்கத்தை வீழ்த்த அது போதாது.

எவரெட்டின் பல்லுலக விளக்கம் எதைச் சொல்கிறது?

இது வேறு பாதை. இதற்கு விண்வெளி தேவையில்லை, ஓர் எலக்ட்ரான் போதும். 1926-இல் எர்வின் ஷ்ரோடிங்கர் தந்த சமன்பாட்டின்படி, ஒரு துகள் பல நிலைகளின் கலவையாக இருக்க முடியும். ஆனால் அளந்து பார்க்கும்போது எப்போதும் ஒரே விடை கிடைக்கிறது. அந்தக் கணத்தில் கலவை "சரிந்து" ஒன்றாகிறது என்று பாடநூல்கள் சொல்கின்றன. அந்தச் சரிவு ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் எங்கும் இல்லை, வெளியிலிருந்து சேர்க்கப்பட்ட விதி. அளவீடு என்றால் என்ன, அதைச் செய்வது கருவியா மனிதரா என்பதற்கும் அந்த விதியில் தெளிவான விடை இல்லை.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் வீலரின் மாணவராக இருந்த ஹ்யூ எவரெட் 1957-இல் தமது முனைவர் பட்ட ஆய்வில் ஒன்றை மட்டும் செய்தார்: அந்தக் கூடுதல் விதியை நீக்கினார். துகளும் கருவியும் அதைப் பார்ப்பவரும் ஆகிய எல்லாமே ஒரே சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டால், அளவீட்டின் முடிவில் கலவை மறைவதில்லை. கருவியும் பார்ப்பவரும்கூட அந்தக் கலவைக்குள் சேர்ந்துவிடுகிறார்கள். ஒரு கூறில் அவர் "மேல்" என்ற விடையைக் கண்டவராகவும், மறுகூறில் "கீழ்" என்பதைக் கண்டவராகவும் இருக்கிறார். ஒவ்வொரு கூறும் தன்னளவில் முழு உலகமாகத் தோன்றும். எவரெட் எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை, இருந்ததைக் குறைத்தார் என்பதே இவ்விளக்கத்தின் பலம். உலகங்கள் பெருகுவதைப் பார்த்து இதை ஊதாரித்தனமான கோட்பாடு என்று கேலி செய்பவர்கள் இந்தச் சிக்கனத்தைக் காணத் தவறுகிறார்கள்.

அக்காலத்தில் இதற்கு வரவேற்பு இல்லை. 1959-இல் எவரெட் கோபன்ஹேகன் சென்று குவாண்டம் இயங்கியலின் முன்னோடி நீல்ஸ் போரைச் சந்தித்தும் பயன் விளையவில்லை. அதற்கு முன்பே அவர் கல்வித்துறையை விட்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கான ஆய்வுப் பணிக்குப் போய்விட்டிருந்தார். 1982-இல் தமது 51-ஆம் வயதில் இறந்தார். 1970-இல் பிரைஸ் டிவிட் எழுதிய கட்டுரைதான் இதைப் பரவலாக அறியச் செய்தது.

நான் ஒவ்வொரு முடிவெடுக்கும்போதும் உலகம் இரண்டாகப் பிரிகிறதா?

அப்படிச் சொல்வது தவறு. இவ்விளக்கத்தில் மனிதருடைய தீர்மானங்களுக்குத் தனி இடம் கிடையாது. குவாண்டம் நிகழ்வு ஒன்று சுற்றுப்புறத்தோடு பின்னிக்கொள்ளும் இடங்களிலெல்லாம் கிளைகள் பிரியும். ஒரு கதிரியக்க அணு சிதையும்போதும் பிரியும், அங்கே பார்க்க யாரும் இருக்க வேண்டியதில்லை. பேருந்தில் போவதா ரயிலில் போவதா என்று நீங்கள் தீர்மானிப்பது அத்தகைய நிகழ்வு ஒன்றைச் சார்ந்திருந்தால் ஒழிய அதற்காகக் கிளை பிரியாது. ஆற்றல் இரட்டிப்பாகிறதே என்பதும் அடிக்கடி எழும் ஐயம். ஒவ்வொரு கிளைக்கும் ஓர் எடை உண்டு. அந்த எடையோடு கூட்டினால் மொத்த ஆற்றல் மாறாமலே இருக்கிறது.

மற்ற கிளைகள் இருந்தால் அவற்றை நாம் ஏன் உணர்வதில்லை?

ஒத்திசைவிழப்பு என்னும் செயல்பாடே காரணம். ஒரு தூசித் துகளின் மேல் ஒவ்வொரு நொடியும் எண்ணற்ற காற்று மூலக்கூறுகளும் ஒளித்துகள்களும் மோதுகின்றன. துகள் இருக்கும் இடம் பற்றிய தகவல் அவற்றின் வழியாகச் சிதறிப் பரவிவிட்டால், அதன் இரு நிலைகளும் மீண்டும் ஒன்றோடொன்று குறுக்கிட்டுக் கோலம் காட்ட நடைமுறையில் வாய்ப்பே இல்லாமல் போகிறது. 1970-இல் டீட்டர் ட்ஸே இதை முன்வைத்தார். பின்னர் வோய்செக் ஜூரெக் விரித்தெழுதினார். 1996-இல் பாரிசில் செர்ஜ் ஹரோஷின் குழு இந்த இழப்பு படிப்படியாக நிகழ்வதை ஆய்வுக்கூடத்தில் அளந்தே காட்டியது. ஆகவே கிளைகள் ஒன்றையொன்று காணாதது ஒட்டுப்போட்டுச் சேர்த்த சமாதானம் ஆகாது. அதே சமயம், ஒத்திசைவிழப்பு மெய் என்பதால் மற்ற கிளைகளும் மெய் என்று ஆகிவிடவில்லை. எவரெட்டை ஏற்காதவர்களும் ஒத்திசைவிழப்பை ஏற்கிறார்கள்.

எவரெட்டின் விளக்கத்தில் குறையே இல்லையா?

நிகழ்தகவு ஒரு பெருங்குறை. 90 விழுக்காடு ஒரு விடையும் 10 விழுக்காடு மறுவிடையும் வரும் சோதனையில், இரண்டு கிளைகளுமே உண்டாகின்றன என்றால் 90 என்ற எண்ணுக்கு என்ன பொருள்? மாக்ஸ் போர்ன் 1926-இல் தந்த நிகழ்தகவு விதி ஆய்வுக்கூடத்தில் தவறியதே இல்லை. அதை எவரெட்டின் சட்டகத்துக்குள்ளிருந்தே வருவிக்க டேவிட் டாய்ச் 1999-இல் முயன்றார். டேவிட் வாலஸ் அதை வளர்த்தார். அந்த வருவிப்பு, நிறுவ வேண்டியதையே மறைமுகமாக முன்கொள்கிறது என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள். இருதரப்பும் இன்னும் இணங்கவில்லை.

கூகுளின் குவாண்டம் சில்லு இணைப் பேரண்டங்களை நிரூபித்துவிட்டது என்ற செய்தி உண்மையா?

2024 டிசம்பரில் கூகுள் தனது வில்லோ சில்லை அறிவித்தபோது, மீக்கணினிக்கு 1-க்குப் பின் 25 சுழிகள் இட்ட ஆண்டுகள் பிடிக்கும் கணக்கு ஒன்றை ஐந்து நிமிடங்களுக்குள் முடித்ததாகவும், இது பல பேரண்டங்களில் கணிப்பு நடக்கிறது என்ற கருத்துக்கு வலுச்சேர்ப்பதாகவும் எழுதியது. முன்னது பொறியியல் சாதனை. பின்னது எழுதியவரின் விருப்பமான விளக்கம். குவாண்டம் இயங்கியலின் மற்ற விளக்கங்களும் அந்தச் சில்லு அப்படியே இயங்கும் என்றுதான் கணிக்கின்றன.

நேரம் பின்னோக்கி ஓடும் பேரண்டத்தை நாசா கண்டுபிடித்ததாக 2020-இல் படித்தேனே?

அப்படி எந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. அன்டார்க்டிகாவின் மேல் பலூனில் பறக்கும் அனிட்டா என்ற கருவி, 2006-இலும் 2014-இலும் புறப்பட்ட பயணங்களில், பூமிக்குள்ளிருந்து மேல்நோக்கி வந்ததைப் போன்ற இரண்டு விந்தையான ரேடியோத் துடிப்புகளைப் பதிவு செய்தது. பொருளை எளிதில் ஊடுருவும் நியூட்ரினோ என்ற துகளும்கூட அவ்வளவு ஆற்றலோடு பூமியைத் துளைத்து வர இயலாது என்பதால் விளக்கங்கள் பல முளைத்தன. பெருவெடிப்புக்கு மறுபுறம் நேரத்தின் திசை தலைகீழான இணை ஒன்று உண்டு என்று 2018-இல் லேதம் பாயில், கீரன் ஃபின், நீல் டூரோக் எழுதிய கோட்பாட்டோடு இதை இணைத்த ஒரு கட்டுரையும் அவற்றுள் அடக்கம். செய்தித்தாள்கள் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தலைப்பாக்கின. தென்துருவப் பனிக்குள் நியூட்ரினோக்களைத் தேடும் ஐஸ்கியூப் ஆய்வகம் அதே திசைகளில் தேடி எதையும் காணவில்லை. பனிக்கட்டியின் உள்ளடுக்குகளில் ரேடியோ அலை எதிரொலிப்பதே காரணமாகலாம் என்ற சாதாரண விளக்கமும் முன்வைக்கப்பட்டது. அது தலைப்புச் செய்தியாகவில்லை.

இன்னொரு பேரண்டத்துக்குப் போய்வர முடியுமா?

மேலே சொன்ன எந்தக் கோட்பாட்டிலும் அதற்கு வழியில்லை. ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் 1935-இல் எழுதிய பாலம் கணிதத்தில் இரு வெளிகளை இணைக்கிறது. ஆனால் ஒளியே கடந்து போகுமுன் அது அறுந்துவிடும் என்று 1962-இல் ராபர்ட் ஃபுல்லரும் வீலரும் காட்டினார்கள். ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் நியூட்ரான்கள் "கண்ணாடிப் பிம்பத் துகள்களாக" (சாதாரணத் துகள்களின் பிம்பம் போன்ற, நம் கண்ணில் படாத துகள்களாக) மாறி மறைகின்றனவா என்று நடந்த சோதனையும் பேரண்ட வாசல் என்று பரபரப்பாகப் பேசப்பட்டது. 2022-இல் வெளியான முடிவில் அத்தகைய மாற்றம் தென்படவில்லை.

சோதிக்க முடியாததை அறிவியல் என்று சொல்லலாமா?

ஜார்ஜ் எல்லிஸும் ஜோ சில்க்கும் 2014-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை, சோதனையைத் தளர்த்திவிட்டால் இயற்பியலின் நம்பகத்தன்மையே கெடும் என்று எச்சரித்தது. மறுதரப்பு, கருந்துளையின் உட்பகுதியை யாரும் பார்த்துத் திரும்ப முடியாதபோதும் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல் வேறு இடங்களில் வென்றிருப்பதால் உட்பகுதி பற்றி அது சொல்வதை ஏற்கிறோமே என்று கேட்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஒப்புமை எல்லா வகைக்கும் சமமாகப் பொருந்தாது. எவரெட்டின் கிளைகள் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட ஒரு சமன்பாட்டிலிருந்து வருகின்றன. குமிழிகளோ, பல அளவீடுகளோடு ஒத்துப்போனாலும் இன்னும் உறுதிப்படாத அண்ட வீக்கத்தை நம்பி நிற்கின்றன. குமிழிக்குக் குமிழி விதிகள் மாறும் என்பது அதற்கும் மேலே சான்றில்லாத ஸ்ட்ரிங் கோட்பாட்டை நம்பி நிற்கிறது. கடன் வாங்கிய நம்பகத்தன்மை ஒவ்வொரு படியிலும் தேய்கிறது.

வருங்காலச் சோதனைகள் எதையாவது தீர்த்துவைக்குமா?

குமிழிகளைப் பொறுத்தவரை, நுண்ணலைப் பின்புலத்தின் முனைவாக்கத்தில் (அலைகள் அதிரும் திசையின் ஒழுங்கில்) தொடக்கக்கால ஈர்ப்பலைகளின் சுவடு கிடைத்தால் அண்ட வீக்கம் வலுப்பெறும். 2014-இல் பைசெப்-2 குழு அதைக் கண்டதாக அறிவித்தது. மறு ஆண்டே அந்தச் சைகையை நமது விண்மீன் மண்டலத்தின் தூசியாலேயே விளக்கிவிடலாம் என்று தெரியவந்தது. சிலியில் உள்ள சைமன்ஸ் ஆய்வகமும் ஜப்பான் தலைமையில் திட்டமிடப்படும் லைட்பேர்ட் செயற்கைக்கோளும் இத்தேடலைத் தொடர்பவை.

எவரெட்டின் விளக்கத்தை நேரடியாக நிறுவ முடியாவிட்டாலும் வீழ்த்த வழி உண்டு. அலைச் சார்பின் (துகளின் கலவை நிலையைக் குறிக்கும் கணிதக் கோவையின்) சரிவு மெய்யான இயற்பியல் நிகழ்வு என்று சொல்லும் கோட்பாடுகள் 1986-இல் ஜிரார்டி, ரிமினி, வேபர் ஆகியோர் வகுத்ததிலிருந்து வளர்ந்துவந்திருக்கின்றன. அவை சரியென்றால், போதிய நிறையுள்ள பொருள் குறுக்கீட்டுக் கோலம் காட்டத் தவற வேண்டும்; மற்ற கிளைகளுக்கும் அத்தோடு இடமில்லாமல் போகும். 2019-இல் வியன்னாவில் 2000-க்கும் மேற்பட்ட அணுக்களைக் கொண்ட மூலக்கூறுகள் குறுக்கீட்டுக் கோலம் காட்டின. ஈர்ப்பு விசையே சரிவை உண்டாக்குகிறது என்ற டியோசி–பென்ரோஸ் கருத்தின் மிக எளிய வடிவத்தை, இத்தாலியின் கிரான் சாசோ மலையடியில் நடந்த கதிர்வீச்சுச் சோதனை 2020-இல் ஒதுக்கிவிட்டது. மற்ற வடிவங்கள் இன்னும் களத்தில் இருக்கின்றன. அவற்றை எட்ட, வியன்னா மூலக்கூறுகளைவிடப் பன்மடங்கு கனமான நுண்துகள்களைக் கலவை நிலையில் வைத்துக் காட்ட வேண்டியிருக்கும்.